தோலுறை அமைக்கும் கலை

கூரிய கருவியொன்றை உடலோடு ஒட்டிச் சுமந்து திரியும் மனிதனுக்கு இரு பகைகள் உள. ஒன்று அக்கருவி, மற்றையது அதன் உறை. கருவி என்றோ ஒருநாள் அவனை வெட்டக்கூடும். உறையோ, செம்மையாக அமையாதவிடத்து, நாள்தோறும் அவனை உறுத்தும். நாள்தோறும் உறுத்துவதையே மனிதன் முதலிற் கழற்றி எறிகின்றான். உறை வீட்டு மூலையிற் கிடக்க, வெறுங்கத்தி சாரத்தின் மடிப்பில் ஏறிவிடுகின்றது. தோலுறையொன்றின் முதற்பயன் பாதுகாப்பு என்பர் பலர். அணிபவனுக்கு இதமாயிராத உறையினால் அந்தப் பாதுகாப்பும் கிட்டுவதில்லை.

வன்னிப் பெருநிலத்தில் இச்செய்தி வெறும் ஏட்டுச் செய்தியாக நின்றுவிடுவதன்று. பூநகரியின் பனங்கூடல்களிலும், இரணைமடுவின் நீர் பாயும் வயல்களிலும், முல்லைத்தீவின் காட்டோரங்களிலும் கத்தியின்றி ஒரு நாளும் கழிவதில்லை. வேலிக்குக் கதியால் வெட்டுவதற்கும், பற்றை துப்புரவாக்குவதற்கும், தேன் எடுக்கக் காட்டினுட் செல்பவன் வழி திறப்பதற்கும் கத்தியே துணை. அக்கத்தி பெரும்பாலும் எவ்வாறு எடுத்துச் செல்லப்படுகின்றது? சாக்குத் துண்டிற் சுற்றித் துவிச்சக்கர வண்டியின் பின்னே செருகப்படுகின்றது; அல்லது இடுப்பிலே சொருகப்படுகின்றது. குனிந்தால் வயிற்றையும், குந்தினால் தொடையையும், விழுந்தால் எதனையும் அது தேடும்.

பனையேறும் தொழிலாளியிடம் இதற்கொரு பழைய விடை உண்டு. அவன் கத்திக்கூட்டை அரையிற் கட்டிப் பின்புறத்தே தொங்கவிடுகின்றான். மரத்தைத் தழுவி ஏறுபவனுக்கு உடலின் முன்புறம் மரத்துக்கே உரியது. ஆதலின் கூடு பின்னே செல்லவேண்டியதாயிற்று. ஒரு கை மட்டையைப் பற்றியிருக்க, மறுகை பாராமலே பின்சென்று பாளைக் கத்தியை எடுக்கவேண்டும்; சீவி முடிந்தபின் பாராமலே அதனைத் திரும்ப இடவேண்டும். இடும்போது கூட்டின் வாய் ஒடுங்கியிருந்தால் அவன் விரல் அறுபடும். ஏறும்போது கத்தி நழுவினால் கீழே நிற்பவனுக்கு ஆபத்து. எடுத்தற்கு எளிமை, இடுதற்கு எளிமை, இடையில் நழுவாமை, உடலுக்கு உறுத்தாமை என நல்லதோர் உறையிடம் எதிர்பார்க்கப்படுவன யாவும் இக்கூட்டிலே அடங்கியுள்ளன. எந்தத் தொழிற்கல்லூரியும் அவனுக்கு இதனைக் கற்பித்ததில்லை. பனையுச்சியே அவனுக்குப் பள்ளிக்கூடம்.

தோலுறை செய்ய விரும்புவோன் முதலில் அறியவேண்டியது தோலின் இயல்பு. இன்று சந்தையில் மலிந்து கிடப்பது குரோம் உப்பினாற் பதனிட்ட தோல். அது மென்மையானது, பைக்கும் காலணியின் மேற்பாகத்துக்கும் ஏற்றது. ஆயின் நனைத்து உருக்கொடுத்தால் அவ்வுருவை அது காத்து நிற்பதில்லை. அதில் எஞ்சிய உப்புகள் ஈரம் பட்டவிடத்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்வதும் உண்டு. உறைக்கு உரியது மரப்பட்டைச் சாற்றிற் பதனிட்ட மாட்டுத்தோலே. ஆவரசு என்று நம்மவர் அழைக்கும் ஆவாரஞ்செடியின் பட்டை இதற்குப் பேர்பெற்றது. சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையாற் பதனிட்ட தோல், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இலண்டன் சந்தைக்குக் கப்பலேறியது. பின்னர் ஆபிரிக்காவிலிருந்து வந்த வாற்றில் மரப்பட்டை பெருமளவில் அதன் இடத்தைப் பிடித்தது. 1948 இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றதிலிருந்து இத்துறையின் நுட்பங்கள் முறையாக ஆராயப்பட்டு வருகின்றன. வன்னியிலோ ஆவரசு வெளிகளிற் பூத்து உதிர்கின்றது. பட்டிபட்டியாக மாடுகளும் மேய்கின்றன. இரண்டையும் இணைக்கும் கையைத்தான் காண்பது அரிது. தோலைத் தொடுபவனைத் தாழ்ந்தவன் என ஒதுக்கி, அவன் செய்த செருப்பை மட்டும் காலில் ஏற்றுக்கொண்ட சமுதாயம் இழந்த செல்வங்களுள் இக்கைத்திறனும் ஒன்று.

மாட்டின் முதுகுப்புறத் தோல் இறுக்கமானது. வயிற்றுப்புறத் தோல் இழுபடுவது. உறைக்கு முதுகுப்புறமே கொள்ளத்தக்கது. சிறு கத்திக்கு இரண்டரை மில்லிமீற்றர் தடிப்பும், பெரிய கத்திக்கு 3 மில்லிமீற்றரும் போதும். முதலிற் கடதாசியில் மாதிரி வெட்டவேண்டும். கத்தியைக் கடதாசியிற் கிடத்தி, அதன் தடிப்புக்கும் தையலுக்கும் இடம்விட்டு வரைந்து, மடித்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளல் நன்று. கடதாசியிற் செய்த பிழைக்கு விலையில்லை. தோலிற் செய்த பிழைக்கு உண்டு.

புதியவர் பலர் மறப்பது இடைப்பட்டை. உறையின் இரு மடிப்புகளுக்கும் நடுவே, கத்தியின் கூர் வந்து அமரும் ஓரம் முழுவதும், தோற்பட்டையொன்றை வைத்துச் சேர்த்துத் தைக்கவேண்டும். அஃதில்லையேல் ஒவ்வொரு முறை செருகும்போதும் கூர் தையல் நூலையே தொடும். சில மாதங்களில் நூல் அறுந்து, உறை பிளந்து, உறையுள்ளே இருப்பதாக எண்ணிய கத்தி அணிந்தவனின் காலிற் பாயும்.

இனி, உடலில் எங்கே அமர்வது? இடுப்பெலும்பின் மேல்விளிம்பிற் கடினமான பொருள் தங்கினால் அரை நாளிலே தோல் கன்றிவிடும். அவ்வெலும்புக்குச் சற்றுப் பின்னே உள்ள குழிவே ஏற்ற இடம். முள்ளந்தண்டின் நேர்மேலே கட்டுவதைத் தவிர்த்தல் வேண்டும். மல்லாந்து விழுந்தால் முதுகெலும்புக்குக் கேடு. பனையேறுபவனுக்கு வேறு வழியில்லாமல் இருக்கலாம். நிலத்தில் நடப்பவனுக்கு உண்டு. உறையின் பிடிப்பக்கம் சிறிதே முன்னோக்கிச் சாய்ந்திருந்தால் குனியும்போது பிடி விலாவைக் குத்தாது. வன்னியிலே இன்னொன்றையும் எண்ணவேண்டும். இங்கு மக்கள் குந்தியிருந்து களை பிடுங்குவர், குந்தியிருந்தே உண்பர். நாற்காலியில் இருப்பவனுக்கு அளவெடுத்த நீண்ட உறை குந்தியவனின் பின்னே நிலத்தில் முட்டி, இடுப்புப்பட்டியை மேலே தள்ளும். ஆகவே அளவெடுக்கும்போது அணிபவனை நிறுத்தியும் குந்தவைத்தும் பார்த்தல் முறை. இடுப்புப்பட்டியும் அகன்றதாக இருத்தல் வேண்டும். ஒன்றரை அங்குல அகலமுள்ள தோற்பட்டி பாரத்தைப் பரப்பித் தாங்கும். மெல்லிய கயிறோ ஓரிடத்தில் அறுக்கும். பட்டி நுழையும் வளையம் பட்டியின் அகலத்துக்கு இறுக்கமாக அமைந்தால் உறை ஆடாது. ஆடும் உறையே உராய்ந்து புண்ணாக்குவது.

உடலைத் தொடும் பின்பக்கத்தைப் பிடியின் அடிவரை சற்று உயர்த்தி விடுதலும் உண்டு. அவ்வுயர்ந்த பாகம் வியர்வை இரும்பிற் படாமலும், இரும்பு தோலிற் படாமலும் இடைநின்று காக்கும். சட்டைக்குள் மறைவாக அணிபவர்க்கு இது பெரிதும் உதவும்.

தையலுக்கு இரட்டை ஊசி முறையே சிறந்தது. குத்தூசியால் மூன்று நான்கு மில்லிமீற்றருக்கு ஒன்றாகத் துளையிட்டு, தேன்மெழுகு பூசிய நூலின் இரு நுனியிலும் ஊசி கோத்து, ஒரே துளையினூடாக இரு பக்கமிருந்தும் மாறிமாறி இழுக்கவேண்டும். இயந்திரத் தையலில் ஓரிழை அறுந்தால் அடுத்தவையும் தளரும். இத்தையலிலோ ஒன்று அறுந்தாலும் மற்றையவை தம் இடத்தில் நிற்கும். நூல் பதிவதற்கு முன்னரே சிறு வரிப்பள்ளம் கீறிவிட்டால் அது உராய்ந்து தேயாது.

பின்னர் உருக்கொடுத்தல். தைத்த உறையை இளஞ்சூடான நீரில் ஆழ்த்திக் குமிழி எழுவது நிற்கும்வரை வைத்து எடுத்து, தோலின் நிறம் சிறிது மீளும்வரை காத்திருத்தல் வேண்டும். கத்தியை மெல்லிய பொலித்தீன் தாளிற் சுற்றி உள்ளே செருகி, வழவழப்பான மரத்துண்டினால் வெளிப்புறத்தை அழுத்தி அழுத்தி அதன் வடிவைத் தோலில் வாங்கவேண்டும். உலர்த்துவது நிழலிலே. அவசரப்பட்டு வன்னி வெயிலில் வைத்தவன் சுருங்கி வெடித்த தோலையே கையிற் காண்பான். நன்கு உலர்ந்த உறை கத்தியைத் தன் உருவினாலேயே பற்றும். மேலே வாரும் பொத்தானும் வேண்டியதில்லை. ஈற்றில் ஓரங்களை நீர் தொட்டு மரத்தால் தேய்த்து மெருகேற்றி மெழுகிடுவர். அழகுக்காகச் செய்வதென இதனைச் சிலர் விட்டுவிடுகின்றனர். விலாவை உறுத்துவது அந்தத் தேய்க்காத ஓரமே.

கைத்துப்பாக்கிக்குச் செய்யும் உறையும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. துவக்கு என்ற சொல்லே போர் 2009 இல் ஓயும்வரை அல்லலுற்ற மண்ணில் ஒரு நடுக்கத்தைத் தருவது. இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகருவிகள் கட்டளைச் சட்டம் உரிமமின்றி எவரும் துவக்கு வைத்திருக்க இடந்தருவதில்லை. எனினும் கடமையின்பொருட்டு அதனைச் சுமப்பவர் உளர்; ஐக்கிய அமெரிக்காவிலோ பொதுமக்களும் சுமக்கின்றனர். அங்கே தோலுறைக் கலை தனித்ததொரு தொழிலாக வளர்ந்துள்ளது. அவ்வுறைக்கு மேலும் இரண்டு விதிகள் உண்டு. விசையும் அதன் காப்பு வளையமும் முழுவதும் தோலால் மூடப்பட்டிருத்தல் முதலாவது. விரலோ துணியோ விசையைத் தொட வழியிருக்கலாகாது. ஆயுதத்தை எடுத்தபின்னும் உறையின் வாய் திறந்தே நிற்றல் இரண்டாவது. கலிபோர்னியாவில் மறைவுப் பணியாற்றிய காவலரான புரூஸ் நெல்சன் அமைத்த உறையொன்று இதற்குப் புகழ்பெற்றது. அதன் வாயில் வலுவூட்டும் பட்டை இருந்தது. காற்சட்டைக்குள் நழுவாதிருக்கத் தோலின் சொரசொரப்பான பக்கம் வெளியே திருப்பப்பட்டிருந்தது. கோடையில் மெல்லிய சட்டைக்குள்ளும் மறையும் என்பதால் அதற்குக் கோடையின் பெயரே அமைந்தது. வாய் ஒடுங்கினால் விரல் அறுபடும் எனப் பனையேறுபவன் கண்டதும், வாய் ஒடுங்கினால் குண்டு பாயும் என அக்காவலர் கண்டதும் ஒரே செய்தி.

செய்து முடித்த உறை நெடுநாள் உழைப்பது பேணுவதைப் பொறுத்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வன்னியிலே தோலெல்லாம் பூஞ்சணம் பிடிக்கும். நனைந்த உறையைத் துணியால் ஒற்றி, காற்றோட்டமான நிழலிலே தொங்கவிடல் வேண்டும். எண்ணெயில் ஊறவிடலாகாது; ஊறிய தோல் தளர்ந்து கத்தியின் பிடியை இழக்கும். ஆண்டுக்கிருமுறை சிறிது தேன்மெழுகு தேய்த்தல் போதும். வேலை முடிந்த இரவிலே கத்தியை உறையினுள் விட்டுவைக்காமல் வெளியே எடுத்துத் துடைத்து வைக்கவேண்டும். தோல் உறிஞ்சிய ஈரமும் பட்டைச் சாற்றின் புளிப்பும் சேர்ந்து இரும்பைக் கரும்புள்ளியாக அரிக்கும். சிறுவர் உள்ள வீடாயின் துடைத்த கத்திக்கு உரிய இடம் அவர் கைக்கெட்டாத உயரம்.