முருங்கனில் மாசி, பங்குனி வானிலை: ஊர்க் கணக்கு இங்கே செல்லுமா?

மாசி பிறந்துவிட்டால் எம்மைத் தேடி வருபவர்களின் பேச்சு நெல்லிலே தொடங்கி மழையிலே போய் முடியும். காலபோக அறுவடை பாதியில் நிற்கும். சிறுபோகத்துக்குக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சும் என்பது தெரியாது. குத்தகைக்குக் காணி கேட்டு வைத்தவர், காசைக் கொடுப்பதா பொறுப்பதா என்று நின்று யோசிப்பார். "மழை வருமா, சுவாமி?" என்று அவர் கேட்கும்போது, அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் ஆறு மாதச் சாப்பாடு இருக்கிறது. ஆகவே முருங்கனையும் அதைச் சூழ்ந்த வயலூர்களையும் மனதிற் கொண்டு, மாசி முதல் சித்திரை வருடப்பிறப்பு வரையான வானிலையைப் பற்றி இம்முறை எழுதுகிறோம்.

எமது வாசகர்களிற் பலர் இந்த மண்ணிற் பிறந்தவர்கள் அல்லர். 1977, 1983 வன்செயல்களின் பின் மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்கள் உண்டு. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்கள் உண்டு. 2007, 2008ஆம் ஆண்டுகளில் மன்னார் மாவட்டத்துக்குள்ளேயே ஊரூராக இடம்பெயர்ந்து, 2009க்குப் பின் திரும்பியவர்களும், திரும்பியும் சொந்தக் காணியை முழுதாகக் காணாதவர்களும் உண்டு. சட்டி பானையோடு ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் வானிலைக் கணக்கு ஒன்றையும் சுமந்து வந்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு அந்த ஊருக்குச் சரியானது. இங்கேதான் அது பிசகுகிறது.

மலைநாட்டிலிருந்து வந்தவருக்கு வைகாசி, ஆனி என்றால் மழைக்காலம். தென்மேல் பருவக்காற்று அங்கே மலையில் மோதி மழையைக் கொட்டும். அதே காற்று முருங்கனுக்கு வந்து சேரும்போது வெறுங் கச்சான் காற்றாக, இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகிற காற்றாக வீசும். ஆகவே சித்திரை மழையிலே விதைத்துவிட்டு, வைகாசி மழை வந்து பயிரைத் தூக்கிவிடும் என்று காத்திருப்பது இங்கே ஆகாத காரியம். வலிகாமத்துத் தோட்டக்காரரின் கணக்கோ வேறு. அவர் கிணற்றை நம்பிச் செம்பாட்டு மண்ணிலே தொழில் செய்தவர். காலையில் மழை பெய்தால் மாலையில் மண்வெட்டியோடு இறங்கலாம். அப்படிப்பட்டவர் முருங்கன் களிமண்ணில் மழை பெய்த மறுநாளே உழவு இயந்திரத்தை இறக்கினால் அது அச்சுவரை புதைந்து நிற்கும்.

இந்த மண்ணைப்பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் அதற்கு வேண்டிய களி முருங்கனிலிருந்துதான் போனது. அவ்வளவு இறுக்கமான களி. ஈரத்தில் வீங்கிப் பிசுபிசுக்கும். காய்ந்தால் கை நுழையுமளவு வெடிக்கும். நனைந்த நிலையிலும் உழ முடியாது, முழுதாகக் காய்ந்த நிலையிலும் உழ முடியாது. இரண்டுக்கும் நடுவிலே சில நாட்கள்தான் அது உழவுக்குக் கொடுக்கும். பங்குனியில் வரும் முதல் மழை பெரும்பாலும் வெடிப்புகளுக்குள்ளேயே இறங்கிவிடும். மேல்மண் நனைந்ததைப்போலத் தெரிந்தாலும் விதைக்க அது போதாது. இரண்டாவது மழையைப் பார்த்து, வெடிப்புகள் மூடிக்கொண்டு வருகிறதா என்று கவனிப்பதே இங்குள்ள பழைய கமக்காரரின் வழக்கம். அவர்களிடம் கேட்டுப் படிப்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி வானத்துக்கு வருவோம். வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டை நான்காகப் பிரிக்கிறது. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. மார்ச், ஏப்ரல் முதலாவது இடைப்பருவம். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. ஒக்டோபர், நவெம்பர் இரண்டாவது இடைப்பருவம். மன்னார்ப் பகுதி இலங்கையின் மிக வறண்ட பகுதிகளில் ஒன்று. ஆண்டு முழுவதற்குமான மழை 1000 மில்லிமீற்றர் அளவிலேயே நிற்கும். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலே பெய்து தீர்ந்துவிடும். மாசியில் எமக்குக் கிடைப்பது வடகீழ்ப் பருவத்தின் வால். பங்குனியில் கிடைப்பது இடைப்பருவத்தின் தலை.

மாசியில் வாடை தளரும். வானம் தெளிந்திருக்கும். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று முன்னோர் சொன்னது சும்மா அல்ல. தெளிந்த வானத்தின் கீழே இரவில் நிலம் சூட்டை விரைவாக இழப்பதால்தான் விடியலிற் பனி இறங்குகிறது. காலை எட்டு மணிவரை இலையில் ஈரம் நிற்கும். பிந்தி விதைத்த நெல் இன்னும் கதிர் தள்ளாமல் நின்றால் எரிபந்த நோய்க்கு இதுவே வாய்ப்பான நேரம். அறுவடை இயந்திரம் பிடிப்பவர்களும் பனி காய்ந்த பின்னரே வயலுக்குள் இறக்குவது நல்லது.

மாசி வறண்ட மாதம் என்று நம்பி, வெட்டிய நெல்லை வயலிலேயே விட்டுவிடலாமா? கூடாது. 2022 மார்ச் முதல் வாரத்தில் வங்கக் கடலில் ஒரு தாழமுக்கம் உருவாகி எமது கிழக்குக் கரையோரமாக வடக்கு நோக்கி நகர்ந்தது. மார்ச் மாதத்தில் இப்படி நிகழ்வது அரிது. மறு ஆண்டு, 2023 பெப்ரவரி தொடக்கத்தில், இன்னொரு தாழமுக்கம் கிழக்குக் கரையைக் கடந்து நாட்டுக்குள் வந்தது. இரண்டுமே அறுவடைக் காலத்தில் வந்தவை. நெல் சந்தைப்படுத்தும் சபை நெல்லின் ஈரப்பதனைப் பார்த்தே வாங்கும் என்பதை யாவரும் அறிவர். நனைந்த நெல்லோடு வாசலில் நிற்பவனுக்குத் தனியார் வியாபாரி சொல்வதே விலை. ஆகவே அறுவடை நாளைக் குறிக்கமுன் அடுத்த நான்கைந்து நாட்களுக்கு வங்கக் கடலில் என்ன நடக்கிறது என்று வானொலியிலோ கைத்தொலைபேசியிலோ கேட்டுக்கொள்ளுங்கள். தாழமுக்கத்தைப் பற்றிய அறிவிப்பு நாட்கணக்கில் முன்னதாகவே வரும். அது நம்பத்தக்கது.

பங்குனி மழை அப்படியல்ல. மார்ச் 20 அளவில் சூரியன் பூமத்திய கோட்டைக் கடந்து வடக்கே நகரத் தொடங்குகிறது. ஏப்ரல் நடுவிலே, ஏறத்தாழ வருடப்பிறப்பு நாட்களில், நண்பகலில் எமது தலைக்கு நேரே நிற்கும். காற்று ஓய்ந்துவிடும். புழுக்கம் தாங்காது. காலை முழுதும் காய்ந்த நிலத்திலிருந்து சூடான காற்று மேலெழும். பிற்பகலில் மன்னார்க் குடாவிலிருந்து கடற்காற்று உள்ளே தள்ளும். இரண்டும் சேர்ந்து முகிலைக் கட்டும். அதனாலேதான் இக்காலத்து அறிவிப்புகளில் "பிற்பகல் 2.00 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை" என்ற வார்த்தைகளை அடிக்கடி கேட்கிறோம். "சில இடங்களில்" என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும். இந்த முகில்கள் சிறியவை. மடுப் பக்கம் கொட்டும். முருங்கன் சந்தியில் தூசி பறக்கும். எந்த வயலில் விழும் என்று காலையிலே சொல்ல எந்த நிலையத்தாலும் முடியாது. அறிவிப்புப் பொய்த்துவிட்டது என்று சலித்துக்கொள்பவர்கள் இதை யோசிக்கவேண்டும்.

ஆனால் முருங்கன் கமக்காரனுக்கு முருங்கன் வானத்தைவிட முக்கியமான வானம் ஒன்று உண்டு. அது அநுராதபுரத்து வானம். கட்டுக்கரைக் குளம் தன் சொந்த நீரேந்து பரப்பில் விழும் மழையை மட்டும் நம்பியிருப்பதல்ல. 164 கிலோமீற்றர் ஓடிவரும் அருவியாற்றைத் தேக்கம் அணையில் மறித்துத்தான் அதற்கு நீர் திருப்பப்படுகிறது. சிங்களத்தில் மல்வத்து ஓயா என்று சொல்லப்படும் இந்த ஆறு நாச்சதூவக் குளத்தைத் தாண்டி, அநுராதபுர நகரைத் தொட்டு வருகிறது. மேலே உள்ள குளங்கள் நிரம்பி வான் பாய்ந்தால் எமக்கு ஆறு வரும். அங்கே மழை பிசகி, குளங்கள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டால், முருங்கனில் இரண்டு மழை கூடப் பெய்தாலும் குளம் ஏறாது. 2025 நவெம்பர் இறுதியில் டித்வா புயலின்போது அருவியாற்றின் கீழ்ப்பகுதி ஊர்களுக்கு வெள்ள எச்சரிக்கை விடப்பட்டதும் இந்த உறவினாலேதான். ஆகவே பங்குனியில் முன்னறிவிப்புக் கேட்கும்போது "வட மாகாணம்" என்ற சொல்லோடு வானொலியை நிறுத்திவிட வேண்டாம். "வடமத்திய மாகாணம்" என்று வரும் வரியையும் கேளுங்கள். உங்கள் வாய்க்காலுக்கு வரப்போகும் தண்ணீர் அந்த வரியிலே இருக்கலாம்.

கட்டுக்கரை பரந்த குளம், ஆனால் ஆழமில்லாதது. பங்குனி வெயிலில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 4 முதல் 6 மில்லிமீற்றர் வரை ஆவியாகிப் போகும். மாசியில் கண்ட மட்டத்தை வைத்துச் சித்திரையில் கணக்குப் பார்க்க முடியாதென்பது இதனாலேதான். குளத்தின் கீழ் இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் வயல் உண்டு. சிறுபோகத்தில் அதில் ஒரு பங்குக்கே நீர் கொடுக்க முடியும். எந்த வாய்க்காலுக்கு, எத்தனை ஏக்கருக்கு, எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை என்பதெல்லாம் சிறுபோகக் கூட்டத்திலே தீர்மானிக்கப்படும்.

இங்கே எமக்கு ஒரு மனக்குறை உண்டு. இந்தக் கூட்டத்துக்குக் காணிக்காரர் வருவார். கமக்காரர் அமைப்புத் தலைவர் வருவார். நீர்ப்பாசனத் திணைக்களத்தார் வருவார். வெயிலில் நின்று வேலை செய்யும் குத்தகைக்காரர், அதுவும் வேறு ஊரிலிருந்து வந்தவர், பெரும்பாலும் வரமாட்டார். அவரை யாரும் அழைப்பதுமில்லை. தண்ணீர் கிடைக்காத வாய்க்காலிலே காணி எடுத்து, முன்காசையும் கொடுத்து, பிறகு நெல் கருகுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் இவர்தான். கூட்டத்தில் வாக்கு இல்லாவிட்டாலும் பின்வரிசையில் போய் இருக்கலாம். முடியாவிட்டால் கமநல சேவை நிலையத்தில் தீர்மானத்தைக் கேட்டு அறியலாம். எது எப்படியானாலும், கூட்டம் நடந்து முடியுமுன் குத்தகைக் காசைக் கொடுக்க வேண்டாம். காணிக்காரர் அவசரப்படுத்தினால், "அண்ணை, தண்ணி திகதி தெரியட்டும்" என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். ஒரு நல்ல காணிக்காரர் இதற்குக் கோபிக்கமாட்டார்.

தண்ணீர் குறைவாகத்தான் கிடைக்கும் என்றால் மூன்றரை மாத நெல்லை ஆசைப்பட்டு விதைக்க வேண்டாம். மூன்று மாதத்து பி.ஜி. 300, இரண்டரை மாதத்து பி.ஜி. 250 போன்றவை இருக்கின்றன. விளைச்சல் சற்றுக் குறைந்தாலும் கடைசித் தண்ணீருக்குமுன் முற்றிவிடும். தண்ணீரே இல்லாத வயலில், அறுவடைக்குப் பின் எஞ்சிய ஈரத்தோடு பயறு போட்டால் அறுபது, அறுபத்தைந்து நாளில் எடுக்கலாம். மேட்டு நிலத்துக்கு எள்ளு. ஆனால் எள்ளுக்கு நீர் தேங்கினால் ஆகாது என்பதால் களிமண் பள்ளங்களில் அதைத் தவிர்க்கவேண்டும்.

மூன்று மாதங்களுக்கான பருவகால முன்னறிவிப்பு என்று ஒன்றும் வெளியாகிறது. அதைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். வழமையைவிடக் குறைவு, வழமையளவு, வழமையைவிடக் கூடுதல் என்று மூன்று பெட்டிகள். ஒன்றுமே தெரியாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 33 வீதம். "குறைவாகப் பெய்ய 45 வீதம் வாய்ப்பு" என்றால் மழை பொய்க்கும் என்று பொருளல்ல; பத்து ஆண்டுகளில் நாலைந்தில் அப்படி நடக்கும், மற்றவற்றில் நடக்காது என்பதே பொருள். ஐந்து ஏக்கரும் வங்கிப் பணமும் உள்ளவர் அந்த வாய்ப்போடு விளையாடலாம். அரை ஏக்கர் குத்தகையும் அடகு வைத்த காப்பும் உள்ளவர் விளையாட முடியாது. பசுபிக் கடலில் எல்நினோ இருக்கும் ஆண்டுகளில் எமது நாட்டில் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை மழை கூடுவதும், ஜனவரி முதல் மார்ச் வரை குறைவதும் பொதுவான போக்கு. அப்படிப்பட்ட ஆண்டில் மார்கழியில் குளம் வான் பாய்வதைக் கண்டு மயங்கிவிடக் கூடாது.

இடைப்பருவத்தில் மின்னலைப்பற்றியும் சொல்லியாக வேண்டும். மார்ச், ஏப்ரலில் பிற்பகல் முகில் கறுக்கும்போது வெளி வயலில் மண்வெட்டியோடு நிற்பவர்தான் மிக உயர்ந்த பொருள். மின்னலுக்கும் இடிக்குமிடையே எண்ணிப் பாருங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர். முப்பதை எண்ணி முடிக்குமுன் இடி கேட்டால் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குள் வரவேண்டும். தனி மரத்தின் கீழ், அது பாலையானாலும் பனையானாலும், ஒதுங்க வேண்டாம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத் திரும்பலாம்.

மழையை அளக்கப் பணச் செலவு இல்லை. நேரான பக்கங்களுள்ள வெறும் மாப்பேணி ஒன்றை, மரநிழலும் கூரை நிழலும் படாத இடத்தில், காற்றுக்குச் சரியாதபடி நட்டுவிடுங்கள். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு, திணைக்களம் அளக்கும் அதே நேரத்தில், பிள்ளையின் அடிமட்டத்தை உள்ளே விட்டு எத்தனை மில்லிமீற்றர் நீர் நிற்கிறது என்று பாருங்கள். அடிமட்டத்தின் பூச்சியக் கோட்டுக்கு முன்னுள்ள வெற்றுப் பகுதியையும் கூட்டிக்கொள்ள மறக்க வேண்டாம். ஒரு மில்லிமீற்றர் என்பது ஒரு ஏக்கரில் ஏறத்தாழ 4000 லீற்றர் தண்ணீர். திகதி, மழையளவு, அன்று மண் உழவுக்குக் கொடுத்ததா இல்லையா என்ற மூன்றையும் ஒரு பழைய பள்ளிக் கொப்பியில் எழுதுங்கள். மூன்று சிறுபோகம் எழுதியவர்கள் தங்கள் கொப்பிகளோடு எமது காரியாலயத்துக்கு வந்தால், பக்கத்து ஊர்க் கொப்பிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க நாம் ஒழுங்கு செய்வோம்.