எட்டு வயதில் வியர்வை நாற்றம்: டியோடரண்ட் தேவையா?

சிறு குழந்தையின் வியர்வை நாறுவதில்லை. விளையாடிவிட்டுத் தொப்பலாக நனைந்து வரும் நான்கு வயதுப் பிள்ளையிடம் புழுதி வாடை இருக்கலாம். பெரியவர்களின் அக்குளில் எழும் காட்டமான வாடை இருக்காது. அது ஆறு வயதைத் தாண்டிய பிறகு, பெரும்பாலும் மூன்றாம் நான்காம் வகுப்பில், பள்ளிச் சட்டையைக் கழற்றும்போது தெரிய வருகிறது. ஒழுங்காகக் குளிக்கவில்லை என்று பிள்ளைக்குத் திட்டு விழுகிறது. அழுக்குக்கு இதில் பங்கு குறைவு. உடல் வளர்ச்சியின் அடுத்த படியில் கால் வைத்திருப்பதே முதல் காரணம்.

மனிதத் தோலில் இரண்டு வகை வியர்வைச் சுரப்பிகள் உண்டு. உடல் முழுதும் பரவியிருக்கும் எக்ரைன் சுரப்பிகள் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை இருக்கும். இவை பிறந்த சில நாட்களிலேயே வேலை செய்யத் தொடங்கிவிடும். உப்பு கலந்த தண்ணீரைச் சுரந்து உடலின் சூட்டைத் தணிப்பது இவற்றின் வேலை. மற்றொரு வகையான அப்போக்ரைன் சுரப்பிகள் அக்குள், தொடை இடுக்கு, மார்புக்காம்பைச் சுற்றிய பகுதி ஆகிய இடங்களில் மட்டுமே செறிந்திருக்கும். பிறவியிலேயே இருந்தாலும் ஹார்மோன்கள் எழுப்பும்வரை இவை உறங்கிக் கிடக்கும். இவை சுரக்கும் கொழுப்பும் புரதமும் கலந்த பிசுபிசுப்பான திரவத்துக்கும் சுரக்கும்போது வாடை இல்லை. அக்குளில் குடியிருக்கும் கொரினிபாக்டீரியம், ஸ்டஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. அப்போது உண்டாகும் அமிலங்களில் ஒன்றுக்குச் சீரகத்தை ஒத்த நெடி உண்டு. கந்தகச் சேர்மம் ஒன்று வெங்காயம்போல் வீசும்.

சுரப்பிகளை எழுப்பும் ஹார்மோன் சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து வருகிறது. ஆறு முதல் எட்டு வயதுக்குள் ஆண், பெண் இருபாலருக்கும் அட்ரீனல் விழித்துக்கொண்டு டிஹெச்இஏ என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கத் தொடங்கும். மருத்துவர்கள் இதை அட்ரினார்க்கி என்பார்கள். வியர்வை வாடை, எண்ணெய் வழியும் முகம், முடியில் பிசுக்கு, பிறகு அக்குளிலும் கீழேயும் சில முடிகள் ஆகியவை இதன் விளைவுகள். மகள் சீக்கிரம் பூப்பெய்திவிடுவாளோ என்று பயப்படும் தாய்மார்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அட்ரினார்க்கியும் பூப்பும் தனித்தனி நிகழ்வுகள். மூளையிலிருந்து கட்டளை வந்து சூலகமோ விதையோ விழிப்பதுதான் உண்மையான பருவமடைதல். வாடை வந்துவிட்டது என்பதாலேயே அது நெருங்கிவிட்டதாகப் பொருள் இல்லை.

ஆனால் வயதுக் கணக்கு முக்கியம். பெண் குழந்தைக்கு 8 வயதுக்கு முன்போ ஆண் குழந்தைக்கு 9 வயதுக்கு முன்போ வாடையுடன் முடி வளர்ச்சியும் தெரிந்தால், குழந்தை மருத்துவரிடம் காட்டுவது நல்லது. அந்த வயதுக்குள் பெண் குழந்தைக்கு மார்பு வளர்ந்தாலோ, உயரம் திடீரென்று கூடினாலோ தள்ளிப்போடக் கூடாது. இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணிப்பார்கள். இரத்தத்தில் ஹார்மோன் அளவுகளைப் பார்ப்பார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குச் சிகிச்சை எதுவும் தேவைப்படாது. உடல் எடை கூடிய குழந்தைகளிடம் அட்ரினார்க்கி முன்கூட்டியே வருவது அதிகம். அபூர்வமாக வேறொரு காரணமும் உண்டு: தந்தை தோலில் பூசிக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஜெல், தூக்கிக் கொஞ்சும்போது குழந்தையின் தோலில் ஒட்டுவது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2009இல் அந்த மருந்துகளின் உறையில் கடும் எச்சரிக்கையை அச்சிட வைத்தது.

டியோடரண்ட் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது குளியலறையில் இருக்கிறது. அக்குளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ இந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தலையில் இரண்டு செம்பு ஊற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒருமுறை கூட நின்று காட்டிக்கொடுத்தால் போதும். துண்டால் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுப்பதும் அதே அளவு அவசியம். ஈரமும் சூடும் உள்ள இடுக்கில்தான் பாக்டீரியா பெருகுகிறது. துணிக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. பாலியஸ்டர் கலந்த சீருடை பருத்தியைவிட நாற்றத்தை அதிகம் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே பருத்திப் பனியன், தினமும் துவைத்து வெயிலில் காய்ந்த சட்டை, நாளுக்கொரு ஜோடி காலுறை ஆகியவை இருந்தால் பல வீடுகளில் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

அதற்கு மேலும் வாடை நீடித்து, பிள்ளைக்கே அது கூச்சமாக இருந்தால் டியோடரண்ட் தருவதில் தவறில்லை. ஒரே அலமாரியில் நிற்கும் இரண்டு பொருட்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டியோடரண்ட் பாக்டீரியாவைக் குறைத்து, நறுமணத்தால் வாடையை மறைக்கும், வியர்வையைத் தடுக்காது. ஆன்டிபெர்ஸ்பிரண்ட்டில் உள்ள அலுமினிய உப்புகள் வியர்வைக் குழாயின் வாயை அடைக்கும். எட்டு, ஒன்பது வயதில் வியர்வையை அடைக்கத் தேவையே இல்லை. அலுமினியத்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்ற பேச்சை ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. சிறுநீரக நோய் உள்ள குழந்தைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தரக் கூடாது. ‘அலுமினியம் இல்லாதது’ என்ற பெயரில் விற்கும் படிகக் கட்டிகள் பல, நம் முடிதிருத்தும் கடைகளில் சவரத்துக்குப் பின் தடவும் படிகாரம்தான். படிகாரமும் ஓர் அலுமினிய உப்பே. சமையல் சோடாவைத் தடவுவது இளந்தோலை எரித்துச் சிவக்க வைக்கும். வாசனைப் பொருட்களால் ஒவ்வாமை வரக்கூடும் என்பதால் மணமில்லாத ரோல்-ஆன் ஒன்றை முதலில் முழங்கையின் உட்புறத்தில் தடவி, இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தொடங்கலாம்.

ஸ்ப்ரே மட்டும் குழந்தைகளின் கைக்கு வரவே கூடாது. டப்பாவிலிருந்து திரவத்தைப் பீய்ச்சித் தள்ளும் பியூட்டேன், புரொப்பேன் வாயுக்கள் எளிதில் தீப்பற்றுபவை. அடுப்பும் பூஜை விளக்கும் எரியும் வீட்டில் அது நேரடி ஆபத்து. தோலுக்கு மிக அருகில் பிடித்து அடித்தால் குளிரால் தோல் வெந்துபோகும். கதவைச் சாத்திக்கொண்டு நிறைய அடிப்பதும் வேண்டுமென்றே முகர்வதும் இதயத் துடிப்பைக் குலைத்து உயிரைப் பறிக்கக்கூடும். முதல்முறை முகர்ந்தபோதே இறந்த வளரிளம் பருவத்தினர் உண்டு.

இந்தப் பொருட்கள் நீண்ட காலமாகவே வெட்கத்தை வைத்து விற்கப்பட்டுவருபவை. ‘மம்’ என்ற முதல் வணிக டியோடரண்ட் 1888இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வந்தது. 1919இல் ‘ஓடரோனோ’ நிறுவனம், உன் வாடையைப் பிறர் உன் முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள் என்ற தொனியில் பெண்கள் பத்திரிகை ஒன்றில் விளம்பரம் செய்தது. சுமார் 200 பேர் கோபத்தில் சந்தாவை நிறுத்தினார்கள், விற்பனையோ ஏறியது. அதே அச்சம் இப்போது ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள்வரை இறங்கி வந்திருப்பது வருத்தத்துக்குரியது.

எனவே வீட்டில் பேசும் விதத்தில் கவனம் வேண்டும். அண்ணன் தம்பிகள் முன்னாலோ வந்த விருந்தினர் முன்னாலோ மூக்கைப் பொத்திக் கேலி செய்தால் பிள்ளை அதை வெகுநாள் மறக்காது. வகுப்பில் ஒரு மாணவரிடம் வாடை தெரிந்தால் ஆசிரியர் பெற்றோரிடம் தனியாகச் சொல்லட்டும். பெற்றோரும் பிள்ளையைத் தனியே அழைத்து, எல்லோருக்கும் வருவதுதான் என்று சொல்லி, எப்படிக் கழுவ வேண்டும் என்று காட்டிக்கொடுக்கட்டும்.