ஃப்ரீமாண்ட் ஆலையும் கணக்கில் வராத மூலதனமும்

இண்டஸ்ட்ரியல் மேனேஜ்மென்ட் பேப்பரில் ஒரு தொழிற்சாலைக்கு வேண்டியவை எவை என்று கேட்டால் மென், மெஷின், மெட்டீரியல், மனி என்று நான்கு 'எம்'களை எழுதி மார்க் வாங்கிவிடுவோம். சரி, இந்த நான்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிற இரண்டு கம்பெனிகளில் ஒன்று ஓஹோவென்று ஓடுகிறது, மற்றொன்றை இழுத்து மூடுகிறார்களே, அது ஏன்? இதற்கு நம் பாடப்புத்தகத்தைவிட நல்ல பதிலை அமெரிக்காவின் ஒரு கார் ஆலை சொல்லியிருக்கிறது.

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் 1960-களின் தொடக்கத்திலிருந்து ஓர் அசெம்பிளி ஆலை நடத்தி வந்தது. அந்தக் கம்பெனியின் மோசமான ஆலைகளில் ஒன்று என்று பேர் வாங்கிய இடம். ஐந்து பேரில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். வந்தவர்களிலும் சிலர் ஷிஃப்ட் நேரத்திலேயே தண்ணி போடுவார்கள். ஆயிரக்கணக்கான புகார் மனுக்கள் தீராமல் கிடந்தன. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு: லைன் நிற்கவே கூடாது! போல்ட் விட்டுப்போனாலும் சரி, பாகம் மாறிப்போனாலும் சரி, கார் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். கோளாறைப் பின்னால் ரீவொர்க்கில் பார்த்துக்கொள்ளலாம். 1982-ல் ஆலையை மூடிவிட்டார்கள்.

1983-ல் ஜப்பானின் டொயோட்டா, ஜெனரல் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து அதே ஆலையை 'நம்மி' என்ற பெயரில் எடுத்து நடத்த ஒப்புக்கொண்டது. கட்டடம் பழசு. தொழிற்சங்கமும் பழைய யுனைடெட் ஆட்டோ ஒர்க்கர்ஸ்தான். சேர்த்த தொழிலாளர்களில் சுமார் 85 சதவீதம் பேர் பழைய ஆட்கள். 'உருப்பட்ட மாதிரிதான்' என்று நினைத்தவர்களே அதிகம். 1984 டிசம்பரில் முதல் கார் வெளியே வந்தது. வேலைக்கு வராதவர்கள் மூன்று நான்கு சதவீதமாகக் குறைந்தார்கள். எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 1986-87-ல் எடுத்த ஒப்பீட்டைப் பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ரேமிங்ஹாம் ஆலையில் ஒரு காரை அசெம்பிள் செய்ய 31 மணி நேர உழைப்பு, நூறு காருக்கு 135 குறைகள். ஜப்பானின் தகாவோகா ஆலையில் 16 மணி, 45 குறைகள். நம்மியில் 19 மணி, அதே 45 குறைகள்!

அப்படி என்னதான் மாறியது? முதலாவது, ஒரு கயிறு. லைன் நெடுக தலைக்கு மேலே 'ஆண்டான்' கயிறு கட்டியிருந்தார்கள். கோளாறு கண்டால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். டீம் லீடர் ஓடி வருவார், திட்டுவதற்கு அல்ல, கை கொடுக்க. குறித்த நேரத்தில் சரியாகாவிட்டால் லைன் நின்றுவிடும். இரண்டாவது, ஸ்டாப் வாட்ச். பழைய ஆலையில் அது இன்ஜினியர் கையில் இருந்தது, அவரைக் கண்டாலே ஆப்பரேட்டர்கள் வேண்டுமென்றே மெதுவாகச் செய்வார்கள். நம்மியில் அதே வாட்ச்சை டீமில் உள்ளவர்களிடம் கொடுத்தார்கள். எந்த வேலையை எந்த வரிசையில் செய்வது என்று அவர்களே அளந்து, எழுதி, மாட்டி வைத்தார்கள். அதைவிட நல்ல முறையை ஒருவர் கண்டுபிடித்தால் தாளை மாற்றி எழுதுவார்கள்.

இந்த இடத்தில்தான் 'அறிவு மூலதனம்' என்ற சொல் வருகிறது. ஸ்வீடனின் ஸ்காண்டியா என்ற இன்சூரன்ஸ் கம்பெனி தன் 1994-ம் வருட ஆண்டறிக்கையோடு அறிவு மூலதனத்துக்கென்றே தனி இணைப்பு வெளியிட்டது. அதற்குப் பொறுப்பாக இருந்தவர் லெய்ஃப் எட்வின்சன். ஆட்களின் தலையிலும் கையிலும் இருக்கிற திறமை மனித மூலதனம். ஷிஃப்ட் முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகும் கம்பெனியில் தங்கியிருப்பது அமைப்பு மூலதனம். இப்படிப் பிரித்துச் சொன்னார். ஃப்ரீமாண்டில் மனித மூலதனம் முன்பும் இருந்தது. அதே ஆட்கள்தானே! அவர்களுக்குத் தெரிந்ததை வாங்கி, தாளில் ஏற்றி, அடுத்தவருக்குக் கொடுக்கிற ஏற்பாடுதான் இல்லை.

அப்படியானால் ஜெனரல் மோட்டார்ஸ் இதைத் தன் மற்ற ஆலைகளில் காப்பியடித்திருக்கலாமே? முயற்சி செய்யாமல் இல்லை. நம்மியை ஒரு சதுர இன்ச் விடாமல் போட்டோ எடுத்து, நம் ஆலையையும் இப்படியே ஆக்கு என்று ஒரு மேலதிகாரி உத்தரவிட்டதாக ஒரு கதை கூட உண்டு. போட்டோவில் கயிறு விழும், இழுத்தவனுக்கு என்ன நடக்கும் என்பது விழாதே! கலிஃபோர்னியாவிலேயே வான் நைஸ் ஆலையில் டீம் முறையைக் கொண்டுவந்தார்கள், ஒட்டவில்லை. 1992-ல் அதுவும் மூடப்பட்டது. 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸே திவால் மனு கொடுத்து, நம்மியிலிருந்தும் விலகியது. 2010 ஏப்ரலில் நம்மி நின்றது. ஆலையை டெஸ்லா வாங்கிக்கொண்டது.

இதெல்லாம் ஜப்பான்காரர்களுக்கு மட்டும்தான் வரும் என்று சொல்ல முடியாது. தர மேலாண்மைக்காக ஜப்பானில் தருகிற டெமிங் பரிசை 1998-ல் சென்னை பாடியில் இருந்த சுந்தரம் க்ளேட்டன் பிரேக் பிரிவு பெற்றது. இந்தியாவில் அதுவே முதல்.

டிப்ளமோ முடித்து ஷாப் ஃப்ளோரில் நிற்கப்போகிற நமக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஆப்பரேட்டர் மெஷினை நிறுத்திவிட்டு 'சார், சைஸ் சரியா வரலை' என்று வரும்போது முதல் வார்த்தை பேசப்போவது மேனேஜர் அல்ல, நாம்தான். 'யாரைக் கேட்டுய்யா நிறுத்தினே?' என்று ஒரு தடவை கேட்டால் போதும், அடுத்த தடவை அவர் நிறுத்தமாட்டார். ரிஜெக்ஷன் கஸ்டமர் கையில் போய்த்தான் தெரியும்.

ஆனால் நாம் இதமாகப் பேசினால் மட்டும் தொழிலாளி தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுவாரா? வேலையைச் சுருக்கும் வழியைச் சொன்னால் தன் வேலையே போகும் என்றால் யார் சொல்வார்? நம்மியில் நிர்வாகம் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தது: கம்பெனி பிழைக்குமா என்ற நிலை வந்தாலொழிய ஆட்குறைப்பு இல்லை, அதற்கும் முன்னால் மேலதிகாரிகளின் சம்பளம் குறைக்கப்படும். 1988-ல் கார் விற்காமல் உற்பத்தி படுத்தபோது அந்த வாக்கைக் காப்பாற்றினார்கள். மிகுதியான ஆட்களைப் பயிற்சிக்கும் ஆலைப் பராமரிப்புக்கும் அனுப்பினார்களே தவிர வீட்டுக்கு அனுப்பவில்லை. கயிற்றைவிட, வாட்ச்சைவிட இதுதான் பெரிது என்பது என் எண்ணம்.

நம் பக்கத்தில் கான்ட்ராக்ட் ஆளைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே, வாசலில் சஜஷன் பாக்ஸும் மாட்டி வைக்கிற கம்பெனிகள் உண்டு. அந்தப் பெட்டியில் அவர் என்னத்தை எழுதிப் போடுவார்?