மெய்நிகர் வகுப்பறையில் செயற்கை மாந்தர்

செயற்கை நுண்ணறிவால் இயங்கும் மாந்தரை மெய்நிகர் உலகில் தோற்றுவித்து, மாணவர் அவரோடு உரையாடிக் கற்கும் முறை இந்நாளில் பல்கலைக்கழகங்களிற் புகுந்துள்ளது. அதன் தோற்றமும் பயனும் எல்லையும் ஈண்டுச் சுருங்க ஆராயப்படும்.

மருத்துவக் கல்வியைச் சான்றாகக் கொள்வோம். நோயின் வரலாற்றை நோயாளியிடம் கேட்டறிதல் மருத்துவ மாணவர்க்கு இன்றியமையாத பயிற்சி. நோயுற்றாரையே பன்முறை வினவிப் பழகுதல் அவர்க்குத் துன்பமாகும். ஆதலின் அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஓவர்டு பாரோசு என்னும் மருத்துவப் பேராசிரியர், 1963-இல், நோயற்ற ஒருவரை நோயாளியாக நடிக்கப் பயிற்றினார். இன்றைய செயற்கை நோயாளியை அந்நடிகரின் வழித்தோன்றல் எனலாம்.

இம்முறைக்குக் காட்சி, உரையாடல் என இரு துணைகள் வாய்த்தன. ஐவன் சதர்லாந்து 1968-இல் தலையில் அணியும் காட்சிக் கருவியை விளக்கினார்; அணிந்தவர் தலையைத் திருப்புந்தோறும் காட்சியும் அதற்கேற்ப மாறிற்று. அதற்கு முன்பே, 1966-இல், சோசப்பு வைசன்பாம் ‘எலிசா’ என்னும் உரையாடும் நிரலை வெளியிட்டிருந்தார். அது பேசுவோர் சொற்களையே பெரும்பாலும் வினாவாக மாற்றித் தந்தது, பொருளுணர்ச்சி அதற்கில்லை. ஆயினும் உரையாடினோர் சிலர் அது தம்மை உணர்ந்துகொண்டதாகவே எண்ணினர். இம்மயக்கத்தின் தீங்கை வைசன்பாம் 1976-இல் வெளியிட்ட நூலில் எடுத்துரைத்தார்.

இன்றைய நிரல்கள், பரந்த எழுத்துத் தொகுதியிற் பயின்று, அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்து விடையிறுப்பன. அவற்றால் விளையும் நன்மை பெரிது. மாணவர் நாணமின்றி எத்துணை முறையும் வினவலாம். அவர் பிழைசெய்யினும் எவர்க்கும் ஊறு நேராது. ஆனால் இந்நிரல்கள் இல்லாததையும் உள்ளதுபோற் புனைந்துரைக்கும் இயல்பின. நன்கு பயின்ற நடிகர் தமக்கு வகுத்த அறிகுறிகளின் எல்லைக்குள் நிற்பர். செயற்கை நோயாளியோ அந்நோய்க்குப் பொருந்தாத குறியொன்றை வினவினும் ‘ஆம்’ எனக் கூறிவிடலாம். கற்கத் தொடங்கிய மாணவர்க்கு அப்பிழை விளங்காது. விளங்காத பிழை பின்னர் மெய்யான நோயாளியைச் சென்று தாக்கும்.

இவ்விடத்துத் தொல்காப்பியர் வகுத்த செய்யுளுறுப்புக்கள் நினைக்கத்தக்கன. கூற்று, கேட்போர், களன் என்பனவற்றை அவர் தனித்தனி உறுப்புக்களாக எண்ணினார். பேசுவார் யார், கேட்பார் யார், இடம் யாது என்பன தெளிந்தாலன்றிப் பேச்சின் பொருள் தெளியாது. செயற்கை மாந்தரைப் படைக்கும் ஆசிரியரும் அவர் யார், எதனை அறிவார், எதனை அறியார் என்பவற்றை முன்னரே வரையறுத்தல் வேண்டும். உரையாடல் முடிந்தபின் அதனை மாணவருடன் அமர்ந்து ஆராய்தலும் வேண்டும்.

அவர் எண்ணிய மற்றோர் உறுப்பு மெய்ப்பாடு. வாய் மறைப்பதை மெய் புலப்படுத்தும். ‘வலியில்லை’ என்பாரின் முகம் சுளிப்பதைக் காணும் கண் மருத்துவர்க்கு வேண்டும். செயற்கை மாந்தரின் முகமோ அமைத்தவர் அமைத்த அளவே காட்டும். ஆகலின் இம்முறை வினவப் பழகுதற்கு உதவும். காணப் பழகுதற்கு நோயுற்றாரின் கட்டிலருகே சென்று நிற்றல் வேண்டும். முன்னது பின்னதற்கு ஆயத்தமாக அமையலாமேயன்றி, அதற்கு ஈடாதல் இயலாது என்பது எம் துணிபு.