ஹோஸுக்கு ஒரு சட்டை

போன வருடம் பூந்தமல்லி அருகே எங்க அப்பா ஓட்டிய வேன் தீப்பிடித்தது. விரிசல் விட்ட ஹோஸிலிருந்து பெட்ரோல் சூடான சைலன்சர் மேல் சொட்டியிருக்கிறது. அப்பா குதித்து இறங்கி, மண்ணை வாரிப் போட்டு அணைத்தார். கையில் தழும்பு இன்னும் இருக்கிறது.

அதுவே ஆகாயத்தில் என்றால் எங்கே குதிப்பது? மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி, மொட்டை மாடியிலேயே ஆறு பேர் அமரும் விமானம் கட்டி 2016-இல் கண்காட்சியில் வைத்தார். அப்படிச் சொந்தமாகக் கட்டுகிறவர்களுக்கு இது பெரிய கவலை.

இன்ஜின் பக்கம் போகும் பெட்ரோல், ஆயில் ஹோஸ்கள் மேல் 'ஃபயர் ஸ்லீவ்' மாட்டுவார்கள். உள்ளே கண்ணாடி இழைப் பின்னல், வெளியே சிலிக்கான் ரப்பர் பூச்சு. தீ பட்டால் பூச்சு எரிந்து சாம்பல் ஓடாக நின்று சூட்டைத் தடுக்கும். சோதனைச் சுடர் சுமார் 1093 டிகிரி செல்சியஸ் (அலுமினியம் 660-லேயே உருகிவிடும்!). 5 நிமிடம் தாங்கினால் 'ஃபயர் ரெசிஸ்டன்ட்', 15 நிமிடம் என்றால் 'ஃபயர் புரூஃப்'.

இதில் ஒரு வில்லங்கம். ஸ்லீவை வெட்டி அப்படியே மாட்டினால், முனையில் தெரியும் இழை சிந்தும் ஆயிலை உறிஞ்சிக்கொள்ளும், நம்ம வீட்டு விளக்குத் திரி மாதிரி. காக்க வந்ததே எரியும். அதனால் முனைகளைச் சிலிக்கானில் தோய்த்து, ஸ்டீல் பட்டையால் இறுக்குகிறார்கள். இன்னொன்று, உள்ளே ஹோஸ் விரிசல் விட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. வருடக் கணக்கு வைத்து மாற்றியே ஆக வேண்டும்.

எங்க வீட்டில் முதலில் டிப்ளமோ படிக்க வந்தவன் நான். இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். "நம்ம வேனுக்கும் போடலாமாடா?" என்றார்.

"முதல்ல பழைய ஹோஸை மாத்துங்கப்பா" என்றேன்.