சுவர்ப் பொந்தில் வாழும் விருந்தாளி

கிறிஸ்து பிறப்பு விழாக்கால வாழ்த்து மடல்களில், பனி மூடிய கிளையொன்றில் சிவந்த மார்புடன் அமர்ந்திருக்கும் சிறு பறவையை நம் பிள்ளைகள் கண்டிருப்பார்கள். அதன் பெயர் ராபின். ஐரோப்பிய நாடுகளில் தோட்டவேலை செய்வோரின் அருகிலேயே வந்து நின்று, கிளறிய மண்ணில் புழு பொறுக்கும் துணிவு அதற்கு உண்டு. 1905 முதல் 1916 வரை இங்கிலாந்தின் வெளிநாட்டு அமைச்சராயிருந்த எட்வர்டு கிரே, இப்பறவையைத் தம் கையிலேயே வந்து உண்ணப் பழக்கியவர். முதலில் தரையிலும், பின்னர் ஒரு சிறு பெட்டியிலும், இறுதியில் விரித்த உள்ளங்கையிலும் புழுக்களை வைத்து அவர் பொறுமையுடன் காத்திருந்தார். 1927-இல் வெளிவந்த தமது பறவை நூலில் அவரே இதனை விவரித்துள்ளார்.

அந்தப் பறவை நம் கொல்லிமலைக்கு வருவதில்லை. ஆயினும் ஆங்கிலேயர் ராபின் என்றே பெயரிட்டழைத்த இரு பறவைகள் நம்மிடையே உள்ளன. பாறையும் புதரும் நிறைந்த வெளிகளில் வாலை நிமிர்த்தித் திரிவது கருஞ்சிட்டு. மரநிழலையும் தோட்டங்களையும் நாடி, விடியற்காலையில் இனிமையாகப் பாடுவது குண்டுக்கரிச்சான். கறுப்பும் வெள்ளையுமான இப்பறவையே வங்காளதேசத்தின் தேசியப் பறவை. இவை இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டும் பூச்சிகளையே பெரிதும் உண்பவை; இரண்டும் சுவர்ப் பொந்து, மரப்பொந்து போன்ற இடங்களில் கூடு கட்டுபவை.

எனவே, இவற்றோடு நட்புக்கொள்ள விரும்புவோர் கை நீட்டி அழைப்பதைவிட, அவை வாழ இடம்விட்டு நிற்பதே சிறந்தது. இவ்வுண்மையைச் சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடி மக்கள் 2020-ஆம் ஆண்டில் செயலில் காட்டினர். அவ்வூர்த் தெருவிளக்குகளின் மின்விசைப் பெட்டிக்குள் இவ்வினப் பறவையொன்று கூடு கட்டி முட்டையிட்டிருந்தது. விசையை அழுத்தச் செல்லும் கை பறவையை விரட்டிவிடும் என்றுணர்ந்த ஊரார், கலந்து பேசி, குஞ்சுகள் பறந்து செல்லும்வரை விளக்குகளை ஏற்றுவதில்லை என முடிவு செய்தனர். ஏறத்தாழ ஐந்து வாரங்கள், நூறு குடும்பங்கள் வரை வாழும் அவ்வூரின் தெருக்கள் இருளில் கிடந்தன. இரவில் தெருவில் நடப்போருக்கு இருள் எத்தகைய இடர் என்பதை நாட்டுப்புறத்தில் வாழும் நாம் அறிவோம். ஒரு சிறு பறவைக்காக அவ்விடரை அம்மக்கள் மனமுவந்து ஏற்றனர்.

நம்மிடம் கேட்கப்படுவதோ அதனினும் மிகச் சிறிது. இப்பறவைகளுக்கு அரிசி இறைப்பதால் பெரும் பயனில்லை. பூச்சிகள் வாழ்ந்தால்தான் இவையும் வாழும். மிளகு, காப்பி பயிரிடும் குடும்பத்தார் வீட்டைச் சுற்றியேனும் நச்சு மருந்து தெளிப்பதைத் தவிர்க்கலாம். உதிர்ந்த இலைகளை ஒரு மூலையில் எரிக்காமல் விட்டுவைக்கலாம். புதிதாகச் சுவர் எழுப்புவோர் சிமெண்டால் எல்லாப் பொந்துகளையும் அடைத்துவிடாமல், பூனைக்கு எட்டாத உயரத்தில் ஒன்றை ஒதுக்கலாம். கோடைக்காலத்தில் ஆழமற்ற மண்தட்டில் நாள்தோறும் புதுநீர் வைக்கலாம்.

பெற்றோர்களே, இன்னும் ஒன்று. பெட்டைப் பறவை அடைகாக்கும் அந்த இரண்டு வாரங்களில் அடிக்கடி கூட்டை எட்டிப் பார்த்தால், அது முட்டைகளைக் கைவிட்டுப் போகக்கூடும். ஆதலால் ஆவலை அடக்கித் தொலைவில் நின்று பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். அவர்கள் கையிலுள்ள உண்டிவில்லை வாங்கி வையுங்கள். கூண்டில் அடைத்து வளர்க்க அவர்கள் ஆசைப்பட்டால், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தடுக்கிறது என்று எடுத்துரையுங்கள்.

தனக்கு உரிமையில்லாததைத் தொடாமலே நேசிக்கக் கற்ற பிள்ளை, நாளை மனிதரையும் அவ்வாறே மதித்து நேசிக்கும். அப்பாடத்தைக் கற்பிக்க வீட்டுச் சுவரில் ஒரு பொந்து போதும்.