கேப்சூலைத் திறந்து பார்த்தவர்கள்

"வைட்டமின் சி போட்டேன், சளி நின்றுவிட்டது" என்று யாராவது சொன்னால், போடாமல் இருந்திருந்தாலும் ஒரு வாரத்தில் நின்றிருக்குமே என்றுதான் எனக்குத் தோன்றும். மருத்துவ மாணவர்களுக்குப் புள்ளியியல் கற்பிக்கிறவள் நான். ஒப்பிட இன்னொரு குழு இல்லாமல் எந்த மாத்திரையின் பலனும் தெரியாது. அந்தக் குழுவுக்கும் பார்க்க அதே போன்ற மாத்திரை தரவேண்டும்; உள்ளே மருந்து இருக்காது. யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியக்கூடாது, சாப்பிடுபவருக்கும் தெரியக்கூடாது.

அது எவ்வளவு கடினம் என்பதற்கு, 1975-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வை வகுப்பில் சொல்வேன். வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1970-ல் எழுதிய புத்தகத்தால் வைட்டமின் சி பற்றி எங்கும் பேச்சாக இருந்த காலம். அரசின் தேசிய சுகாதார நிறுவன ஊழியர்கள் 311 பேர் ஒன்பது மாத ஆய்வில் சேர்ந்தார்கள். போலி கேப்சூலில் இருந்தது லாக்டோஸ். வைட்டமின் சி புளிக்கும், லாக்டோஸ் புளிக்காது. பலர் கேப்சூலைத் திறந்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டார்கள்! போலி மாத்திரை பெற்றவர்களில் 44 சதவீதம் பேர் இடையில் நின்றுபோனார்கள். வைட்டமின் பெற்றவர்களில் 34. நாளுக்கு 6 கிராம் எடுத்தவர்களுக்குச் சளி சுமார் ஒரு நாள் முன்னதாகவே நின்றது. ஆனால் குட்டு வெளிப்பட்டதாலேயே அந்த வித்தியாசம் வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். ஹெல்சின்கி பல்கலைக்கழக ஆய்வாளர் ஹாரி ஹெமிலா பின்னாளில் இதை மறுத்து வாதாடினார். எனக்கு உறுத்துவது ஒன்றுதான்: மூக்கடைப்பு எத்தனை நாள் இருந்தது என்பதை நோயாளிதான் சொல்கிறார். எதைச் சாப்பிடுகிறோம் என்று தெரிந்தவரின் நாட்கணக்கை எப்படி நம்புவது?

சளிக்கு வைட்டமின் டி தந்து பார்த்த ஆய்வுகளில், யாருக்குக் கொடுத்தார்கள் என்று முதலில் பார்ப்பேன். 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் ஆரோக்கியமான 322 பேருக்கு ஒன்றரை ஆண்டு மாதம் ஒருமுறை கொடுத்தார்கள். ஆளுக்குச் சராசரி 3.7 முறை சளி. போலி மாத்திரைக் குழுவில் 3.8. அதே ஆண்டில் மங்கோலியாவிலிருந்து வேறு செய்தி வந்தது. குளிர்காலத்தில் ரத்தத்தில் டி மிகக் குறைந்திருந்த 247 பள்ளிக் குழந்தைகள். சிலருக்கு டி சேர்த்த பால், மற்றவர்களுக்குச் சாதாரணப் பால். மூன்று மாதத்தில் சாதாரணப் பால் குடித்தவர்களுக்குச் சராசரி 0.80 முறை சளி, டி சேர்த்த பால் குடித்தவர்களுக்கு 0.45.

2017-ல் 25 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது '12 சதவீதம் குறைவு' என்று செய்தி வந்தது. உண்மையில் சுவாசத் தொற்று வந்தவர்கள் நூற்றுக்கு 42 பேர் என்பது 40 ஆனது, அவ்வளவுதான். 2025-ல் புதிய ஆய்வுகளையும் சேர்த்தபோது அந்தச் சிறு பலனும் உறுதிப்படவில்லை. குறைபாடு உள்ளவர்களுக்குத் தனிப் பலன் உண்டு என்பதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. டி குறைந்த குழந்தைக்கு, எலும்புக்காக அதைக் கொடுக்கத்தான் வேண்டும். சளிக்காக வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.